கேஸ் போட்ட புண்ணியவான்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: திவாலானவர் என்று நீதிமன்றத்தால் முத்திரை குத்திப் பிரகடனம் செய்யப்பட்டு, ஐந்து வருஷம் கழித்து அதே நீதிமன்றத்தால் சகல கடன்களிலிருந்தும் விடுவிக்கப்பட்ட தச்சர், இன்று காலை ஆறே காலுக்கு, கையிலிருந்த டீ ஆறுவதற்குள் காலமானார்.

மகள் மனசுக்குள் இப்படி எழுதிப் பார்த்தபடி, கட்டிலில் கிடந்த அப்பாவின் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தாள். பெரியப்பா ஸ்டூலில் ஏறி, சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த விடுதலை உத்தரவைக் கழற்றப் பார்த்தார்.

“அதை எதுக்குக் கழட்டுறீங்க?”

“நாலு பேர் வந்து போற நேரம்மா. திவாலான காயிதத்தைப் பட்டம் மாதிரி மாட்டி வச்சிருக்கான். குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?”

“ஒரு பைசா கடன் இல்லாத ஆளுன்னு கோர்ட்டே எழுதிக் குடுத்திருக்கு பெரியப்பா. உங்களுக்கு யாராவது அப்படி எழுதித் தருவாங்களா?”

மூன்று வங்கிகளுக்குத் தவணை கட்டும் பெரியப்பா ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

இறங்கியவர் வாசலைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். கேட்டருகே மரக்கடைக்காரர் நின்றிருந்தார். பதினோரு வருஷத்துக்கு முன் அப்பா மீது கேஸ் போட்டவர்.

“பொணத்தை மறிக்க வந்துட்டான் பாரு. இரு, ரெண்டு வார்த்தை கேட்டு அனுப்புறேன்.”

மகள் எழுந்து முந்திக்கொண்டாள். அவரை விட்டால் அப்பா சொல்லிவிட்டுப் போன ஒரு காரியம் நடக்காமலே போய்விடும்.

அந்தக் காலத்தில் கதவு தட்டப்பட்டால் அப்பா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். “அப்பா ஊர்ல இல்லை” என்று சொல்வது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த இவள் வேலை. பழைய வட்டியைக் கட்டப் புதுக் கடன், அந்த வட்டிக்கு இன்னொன்று. ஒருநாள் அப்பா கயிறு வாங்கி வந்தார். கட்டில் பின்ன என்றார். அவர் செய்வதெல்லாம் பலகைக் கட்டில்.

அந்த வாரம்தான் மரக்கடைக்காரர் போட்ட திவால் கேஸுக்குக் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஓர் அதிகாரி வந்து ஓட்டை வாளி வரைக்கும் பட்டியல் எடுத்தார். பட்டறை, இழைப்பு மெஷின், ஸ்கூட்டர் எல்லாம் ஏலத்துக்குப் போயின. கடன் கொடுத்தவர்களுக்கு நூற்றுக்கு ஒன்பது ரூபாய் வீதம் பங்கு கிடைத்தது. உளி, ரம்பம், படுக்கிற கட்டில், இவற்றைத் தொடச் சட்டத்தில் இடமில்லையாம். இனி யாரும் வீட்டுக்கு வந்து கேட்கக்கூடாது, கேட்பதென்றால் என்னிடம் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார். அப்பா அன்றைக்கு மத்தியானமே படுத்துக் குறட்டை விட்டார்.

பிறகொரு நாள் மரக்கடைக்காரருக்கு நன்றி சொல்லப் போனார். மறுபடி கடன் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து அவர் கதவையே திறக்கவில்லை. “நான் போனப்புறம் வந்தான்னா நீ சொல்லிடு” என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

“வாங்கய்யா” என்று மகள் கேட்டைத் திறந்தாள்.

“பார்த்துட்டுப் போயிடறேம்மா. காசு கேக்க வரலை.”

“கேட்டாலும் சட்டப்படி கிடைக்காதுங்கய்யா. உள்ள வாங்க.”

வந்தார். கட்டில் தலைமாட்டில் நின்றார்.

“அப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார்.”

“திட்டுறதுன்னா திட்டிடும்மா. கேட்டுக்கறேன்.”

“நன்றி சொல்லச் சொன்னார். நீங்க கேஸ் போடலைன்னா அந்த வாரமே போயிருப்பாராம். இந்தப் பதினோரு வருஷமும் நீங்க குடுத்ததாம்.”

மரக்கடைக்காரர் குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

“நான் கோவத்துலதாம்மா போட்டேன்.”

“அவருக்கும் தெரியும்யா.”

அவர் தலைமாட்டுப் பலகையை உள்ளங்கையால் தடவினார்.

“நம்ம கடை மரமா இது?”

“ஆமாங்கய்யா. காசு குடுக்காத மரம்.”

“நல்ல மரம்” என்று கண்ணைத் துடைத்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கட்டில் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

அப்பா செய்த கட்டில்கள் எல்லாமே ஆடும்.