அடி அடுக்கின் இரைச்சல்

தனியாக வைத்தபோது, லேசர் ஒளியால் தகவல் படிக்கும் வட்டின் அடி அடுக்கைத் துல்லியமாகப் படிக்க முடிந்தது. அதன்மேல் இன்னோர் அடுக்கு ஏற்றினாலும் குறையில்லை. மூன்றாவதை ஏற்றியதும் படிக்கும் தகவலில் இரைச்சல். நான்கு ஏற்றினால் கேட்கவே வேண்டாம். காரணம் தராசுக்குப் பிடிபடவில்லை.

தராசு என்பது ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். அடுக்குகளுக்கு நடுவே தெளிந்த பிசினை ஊற்றி, வட்டைச் சுழற்றிப் பரப்புவது அவள் வேலை. மூன்று இடைவெளியும் மயிரிழை பிசகாமல் ஒரே தடிப்பு. அதில்தான் அவளுக்குப் பெருமை. நான்கு அடுக்கையும் படிக்க முடிந்தால், பழைய இரண்டடுக்கு வட்டைப்போல இரு மடங்கு தகவல் கொள்ளும். நாளைக்குள் அது நடக்காவிட்டால் திட்டத்தை மூடிவிட்டு அவளை வட்டுகளில் கீறல் பார்க்கும் அறைக்கு மாற்றிவிடுவார்கள். ஜன்னல் இல்லாத அறை. உள்ளே போனவர்கள் ஓய்வு பெற்றுத்தான் வெளியே வந்தார்கள்.

அந்தக் கவலையோடு மதியம் லிஃப்டில் ஏறினாள். இரண்டு மாடிகளுக்கு நடுவே அது நின்றது. விளக்கும் அணைந்தது. கையை எங்கே நீட்டினாலும் இரும்பு. கீறல் அறைக்கு இப்போதே ஒத்திகை பார்ப்பதுபோல் இருந்தது.

மேல் மாடியிலிருந்து, ஆய்வுக்கூடத்தில் லேசரை இயக்கும் லேசர்காரர் கத்தினார். கீழ் மாடியிலிருந்து, கணக்குப் பிரிவில் இருக்கும் நாத்தனார் கத்தினாள். இரண்டு குரலும் ஒரே சத்தத்தில் வந்து ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. ஒரு சொல்லும் புரியவில்லை. பிறகு மேல் குரல் தேய்ந்துகொண்டே போயிற்று.

“அண்ணி, கேக்குதா? அவரு உச்சியில இருக்கிற மோட்டார் ரூமுக்கு ஓடுறாரு. போற வழியெல்லாம் கத்திக்கிட்டே போறாரு.”

“இப்பதான் நீ பேசுறது கேக்குது.”

“அடைச்சு வச்சாதான் என் பேச்சு உங்க காதுல ஏறும்போல. வீட்டுக்கும் ஒரு லிஃப்ட் வாங்கச் சொல்றேன் அண்ணன்கிட்ட.”

தராசின் நினைப்பு அந்த இரண்டு குரல்களிலேயே இருந்தது. இருவரும் சம தூரத்தில் நின்றவரைக்கும்தானே குழப்பம்?

வட்டிலும் அதே கதைதான். மேலிருந்து அடி அடுக்குக்குப் போகும் லேசர் ஒளியில் கொஞ்சம் இரண்டாம் அடுக்கிலேயே பட்டு மேலே திரும்பும். மூன்றாவதின் அடிப்புறத்தில் மோதி இறங்கி, மறுபடி இரண்டாவதில் பட்டு வெளியேறும். அது ஓர் இடைவெளி ஏறி இறங்குகிறது. நேர்வழி ஒளி ஓர் இடைவெளி இறங்கி ஏறுகிறது. இடைவெளிகள் சமமானால் இரண்டும் ஒரே தூரம் நடந்து, ஒரே கூர்மையோடு வந்து கலந்துவிடும். மூன்று அடுக்கு இருந்தால்தான் அந்தக் குறுக்கு வழியே பிறக்கும். அதைச் சீராகப் போட்டுக் கொடுத்தவள் அவளேதான்.

“சீக்கிரம் திறக்கச் சொல்லு. பிசின் ஊத்தணும்.”

“மாட்டிக்கிட்டது லிஃப்டுல, நெனப்பு பிசின்ல. நல்ல குடும்பத்துல வந்து சேர்ந்தீங்க அண்ணி.”

கதவு திறந்ததும் நேரே சுழல் இயந்திரத்துக்குப் போனாள். முதல் பிசினை மெதுவாகச் சுழற்றித் தடிப்பாகவும், இரண்டாவதை வேகமாகச் சுழற்றி மெலிதாகவும், மூன்றாவதை இரண்டுக்கும் இடைப்பட்ட தடிப்பிலும் பரப்பினாள். மறுநாள் காலை நான்கு அடுக்கையும் இரைச்சலின்றிப் படிக்க முடிந்தது. மூன்று இடைவெளிகளில் எந்த இரண்டும் சமமாக இருக்கக் கூடாது.