பெரிய பிஸ்டலுக்கு நான் எழுதிய காரணம்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி உரிமம் கேட்கும் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. ‘துப்பாக்கி தேவைப்படும் காரணம்’ என்று போட்டிருக்கும். அந்தக் கட்டத்தில்தான் பிறந்தது.

நான் மோகன். உத்திரமேரூர் தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று ஊரார் குறைகளையெல்லாம் தட்டச்சு செய்வது பிழைப்பு. கூட்டம் இல்லாத மத்தியானங்களில் கதை எழுதுவேன். இதுவரை நான்கு கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. நான்காவதில் என் படம் என்று போட்ட இடத்தில் வேறு யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

நான் எழுதியதில் உலகத்தில் உண்மையாகவே ஏதாவது நடந்தது என்றால், அந்தக் கட்டத்தில் எழுதிய எட்டு வரியால்தான். அதைப் படித்து அரசாங்கம் ஒரு பிஸ்டலுக்கு உரிமம் கொடுத்தது. அதில் மூன்று வாக்கியம் பொய்.

2

தொடக்கத்துக்கு மூன்று முயற்சிகள் செய்தேன். அடித்தவற்றையும் விட்டு வைக்கிறேன்.

‘ஏரிக்கரையில் லாரியின் விளக்குகள் இரண்டு பேய்க்கண்களாக—’ (இல்லை. நடந்தது காலை பதினொரு மணிக்கு. விளக்கே போடவில்லை.)

‘பெருமாள் தன் பிஸ்டலை உருவியபோது—’ (அவர் அதை ஒருநாளும் எந்த எதிரி முன்னும் உருவியதில்லை.)

‘இருசப்பன் நன்றாக வாலிபால் ஆடுவான்.’

இதை அடிக்க மனசு வரவில்லை. இங்கிருந்தே போகிறேன்.

கோடையில் ஏரி வற்றினால் திருப்புலிவனத்தில் எங்களுக்கு மைதானம் கிடைத்துவிடும். ஊருக்கும் காலனிக்கும் நடுவில், ஆளுக்குப் பாதி வரும்படி வலை கட்டுவோம். நானும் இருசப்பனும் ஒரே வயது. பந்தைத் தூக்கிக் கொடுப்பது அவன் வேலை, அதை வலையில் அடிப்பது என் வேலை. பெருமாள் அண்ணன் எங்களுக்குப் பத்து வயது மூத்தவர், ராணுவப் போலீஸில் இருந்தார். லீவில் வந்தால் அவர்தான் நடுவர். இடுப்பில் பழைய தோல் உறை ஒன்றை மாட்டிக்கொண்டு, விசில் ஊதி, இந்தியில் திட்டுவார். அந்த உறை அவர் பட்டாளத்தில் பிஸ்டல் வைத்திருந்தது, கழித்துக் கட்டிய பிறகு கேட்டு வாங்கி வந்தது.

“அண்ணா, அதுல இன்னா கீது? ஒரு வாட்டி காட்டுண்ணா” என்று இருசப்பன் தினமும் கெஞ்சுவான்.

ஒருநாள் அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மெதுவாக மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். சீப்பு. இருசப்பன் மண்ணில் விழுந்து புரண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பை எழுதத்தான் இத்தனை வருஷமாகப் பேனா பிடிக்கிறேனோ என்று சில சமயம் தோன்றும். இன்னும் எழுத வரவில்லை.

(இங்கே ஒரு விவரம், பின்னால் வேண்டியிருக்கும்: உறையின் ஒரு பக்கத் தையல் பிரிந்திருந்தது. இருசப்பன் அதை வாங்கிக்கொண்டு போய், மீன்வலை நைலான் நூலால் தைத்துக் கொண்டுவந்தான். நீல நூல். “பிரிஞ்சா எங்கைல குடுண்ணா, கியாரண்டி” என்றான்.)

3

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஏரியில் மண் எடுத்தார்கள். அனுமதித்த ஆழத்துக்கு மேல் தோண்டுகிறார்கள் என்று இருசப்பன் லாரிக்குக் குறுக்கே நின்றான். நாற்பத்தைந்து வயதில் அவனுக்கு எதற்கு இது என்று நான்கூடச் சொன்னேன். லாரி அவன்மேல் ஏறியது.

விபத்து என்கிறார்கள் லாரிக்காரர்கள். ஓட்டுநர் கவனிக்கவில்லையாம். அன்றைக்குக் கரையில் மாடு ஓட்டிக்கொண்டிருந்தவர், பென்ஷனில் ஊர் திரும்பிவிட்ட பெருமாள் அண்ணன் ஒருவர்தான். “டிரைவர் அவன மூஞ்சிக்கு நேரா பாத்தான். ஹாரன் அடிச்சான். அப்பறம் ஏத்துனான்” என்று சொல்கிறார். வேறு சாட்சி கிடையாது. அவர் சொல்லை நீதிபதி நம்பினால் அது கொலை. நம்பாவிட்டால் இருசப்பனின் மனைவி செவ்வந்திக்கு, ‘உன் புருஷன் வழியில் நின்றான்’ என்பதுதான் பதில்.

4

பெருமாள் அண்ணன் உரிமம் கேட்டு என் கடைக்கு வந்த நாள்.

“பங்க்ல காத்து புடிச்சிக்கினு இருந்தேன் மோகனு. பைக்ல ஒருத்தன் வந்தான். ‘கோர்ட்டுக்குப் போற ரோட்ல லாரி ஜாஸ்தி நைனா, பாத்து ஓட்டு’ன்னு சொல்லிட்டுப் பூட்டான். அவ்ளோதான்.”

“வேற எதனா?”

“வேற ஒண்ணியும் இல்ல. ஆனா அவன் சொன்ன தினுசு சரியில்ல.”

அவ்வளவுதான் உண்மை. அதை எழுதினேன், படித்துப் பார்த்தேன், சப்பென்று இருந்தது. இதற்கு எந்த அதிகாரி துப்பாக்கி தருவார்? எனக்குள் இருந்த எழுத்தாளன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். மூன்று முறை பின்தொடர்ந்தார்கள் என்று சேர்த்தேன். கத்தியைக் காட்டினார்கள் என்று சேர்த்தேன். ‘விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக் கதவில் கல் விழ, என் மனைவி ராணியம்மாள் மூர்ச்சையானார்’ என்று சேர்த்தேன். அந்த ‘விளக்கு வைக்கும் நேரத்தில்’ என்பதை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டீ குடித்தேன். அத்தனை பெருமை.

“படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்கண்ணா” என்றேன்.

“நீ எழுதனது தானே?” என்றார். போட்டார்.

தாலுகா ஆபீசுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் எங்கள் எல்லோருக்கும் இந்த வழக்கம் உண்டு. வருமானத்தைக் கொஞ்சம் குறைப்போம், வயசைக் கொஞ்சம் ஏற்றுவோம், குடிசையைக் கொஞ்சம் ஒழுக விடுவோம். மனு நகர வேண்டுமே. யாரும் படிப்பதில்லை, யாரும் கெடுவதில்லை. நான் அதே கையோடு அதையும் எழுதிவிட்டேன்.

5

பிஸ்டல் வாங்கச் சென்னைக்குப் போன நாளைப் பற்றி எழுதாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் அதுவும் ஒன்று. இப்போது அதை நினைத்தால் ஏக்கமாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

துப்பாக்கிக் கடை, நகைக்கடை மாதிரி அமைதியாக இருந்தது. கடைக்காரர் வெல்வெட் துணியில் இரண்டை வைத்தார். ஒன்று உள்ளங்கை அகலம். இன்னொன்று பெரியது, நீளக் குழலும் கனத்த பிடியுமாக, பட்டாளத்தில் இருப்பது போன்றது. இரண்டிலும் போவது அதே ‘பாயிண்ட் முப்பத்திரண்டு’ அளவுத் தோட்டாதான். பட்டாளத்துத் தோட்டா நம்மைப் போன்றவர்களுக்குக் கிடையாதாம்.

“சட்டைக்குள்ள வெளியே தெரியாம வச்சிக்கத்தானே சார்? அப்போ சின்னதுதான். பெரிசு குறி நல்லா நிக்கும், கை ஆடாது. ஆனா வேட்டி கட்டுறவங்க அத மறைக்கிறது கஷ்டம்.”

நியாயமான பேச்சு. நானும் சின்னதையே சொன்னேன். அண்ணன் மஞ்சள் பையிலிருந்து பழைய தோல் உறையை எடுத்தார். சின்னதை அதில் போட்டார். டப்பாவில் புளியங்கொட்டை ஆடுவது போல் ஆடியது. பெரியதைப் போட்டார். நின்றது. மூடியைப் போட்டு, நீலத் தையலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

“இதான்” என்றார்.

பழகிய கை, பட்டாளத்து ஞாபகம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். (முதல் பிரதியிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன்: ‘தான் இளைஞனாக இருந்த எடையை அவர் தேடினார்.’ அழகான வாக்கியம். தப்பான வாக்கியம்.)

அதன் பிறகு மூன்று மாதம் ஒரே கூத்து. பிஸ்டல் ஒரு கிலோ. வேட்டியின் மேல் கட்டும் பச்சை பெல்ட்டில் அதை மாட்டினால் வேட்டி ஒரு பக்கமாக இறங்கும். இரண்டு சைஸ் பெரிய சட்டை தைத்தார். நடந்தால் இடது தோள் மேலே போகும், வலது இடுப்பு கீழே வரும். டீக்கடையில், “மிலிட்ரிக்குக் குடல் எறங்கிகினு கீது, காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரில காட்டுபா” என்று பேசிக்கொண்டார்கள். மறைத்து வைத்ததைத் தவிர எல்லாம் ஊருக்குத் தெரிந்தது. என் கடைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, காலி பிஸ்டலைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துப் பழகுவார். சட்டை நுனி மாட்டிக்கொள்ளும். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்போம். சிரிப்பு அடங்கியதும் மூன்றாவது ஆள் இல்லாதது தெரியும்.

ஒருநாள் கேட்டேன். “இவ்ளோ பேஜாரு எதுக்குண்ணா? சின்னதே வாங்கி இருக்கலாமில்ல?”

“சின்னதுக்குப் புது உறை வாங்கணும்” என்றார். “இது அவன் தச்சது. கோர்ட்டுக்குப் போவ சொல்லோ அவன் கூட வரணும்.”

6

இனி முடிவு. வாசகர்களுக்குத் தெரியும், கதையில் துப்பாக்கி வந்தால் வெடித்தாக வேண்டும். வெடிக்க வழியில்லை. தேர்தல் அறிவித்த மறுநாளே உரிமம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று உத்தரவு. தேர்தல் என்றால் ஆளாளுக்கு எங்கள் உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைப் புகழ்வார்கள். எங்களூர்ப் பெருமாள் பிஸ்டலைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வந்தார். வாங்கி வந்து என்னிடம் இன்னொன்றும் சொன்னார்.

“எதிர் வக்கீலு நம்ம மனுவ காப்பி வாங்கி வச்சிக்கினு கீறாராம். குறுக்கு விசாரணைல அத்த படிச்சி கேப்பாராம். கேக்கட்டும். உள்ளதத்தானே எழுதிக்கீற.”

அன்றைக்கு ஜெராக்ஸ் மிஷினில் ஒரே தாளை முப்பது பிரதி எடுத்துவிட்டேன்.

முடிவு ஒன்று: ‘கத்தியைக் காட்டினார்களா?’ என்று வக்கீல் கேட்கிறார். என்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் அண்ணன் ‘ஆமாம்’ என்கிறார். எந்தத் தேதி, எந்த இடம், யார் கையில் என்று அடுத்தடுத்துக் கேள்விகள். பொய் சொல்லிப் பழகாதவர் திணறுகிறார்.

முடிவு இரண்டு: ‘இல்லை’ என்கிறார். ‘அப்போ அரசாங்கத்துக்குப் பொய் மனு கொடுத்தீங்க. டிரைவர் முகத்தைப் பார்த்தார்னு சொல்றதும் அதே மாதிரிதானே?’ செவ்வந்தி பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

முடிவு மூன்று: எழுதியவன் எழுந்து நின்று

(இந்த வாக்கியத்தை இருபது நாளாக முடிக்க முடியவில்லை. முடித்தால் என் கடை போகும். என்மேல் வழக்கும் வரலாம். நான் தைரியசாலி இல்லை.)

இன்றைக்குத்தான் குறுக்கு விசாரணை. எட்டு நாற்பது பஸ்ஸில் காஞ்சிபுரம் போகிறோம். அதனால் விடிந்ததும் கடையைத் திறந்து, இதுவரை நீங்கள் படித்த அத்தனையையும் பிரிண்ட் எடுக்கிறேன். அடித்த வரிகளோடு, ‘விளக்கு வைக்கும் நேர’த்துப் பெருமையோடு. கீழே என் பெயர், விலாசம், தேதி. பஸ்ஸுக்கு முன் அண்ணனிடம் கொடுக்க வேண்டும். அவர் சொன்னால் அரசு வக்கீலிடமும் கொடுக்க வேண்டும்.

7

இந்தப் பகுதி தட்டச்சில் இல்லை. கடைசித் தாளின் நகலில், பின்பக்கம், பேனாவால் எழுதுகிறேன்.

அண்ணன் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, இந்த முறை அளவான சட்டை. பச்சை பெல்ட்டில் உறை மட்டும் மாட்டியிருக்கிறார். மூடியைத் திறந்து சீப்பை எடுத்துத் தலை வாரினார். சீப்போடு ஸ்டேஷன் ரசீதும் எட்டிப் பார்த்தது.

“நாஷ்டா ஆச்சா?” என்றார்.

தாள்களை நீட்டினேன். வாங்கினார். அப்படியே கடைசிப் பக்கத்தைத் திருப்பினார், என் மேஜையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“எங்க கையெழுத்துப் போடணும்?”

நான் அவர் கையைப் பிடித்தேன். நாற்பத்தேழு வயது ஆள், கடை வாசலில் அழுதேன்.

“போட வேணாண்ணா. படிங்க. மொதல்ல இருந்து படிங்க.”

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, விரலை வரிக்குக் கீழே வைத்து வாசிக்கிறார். மெதுவாகத்தான் வாசிக்கிறார். இரண்டாவது பகுதியில் சீப்பு வரும் இடத்தில் சிரித்தார். இப்போது பக்கத்தைத் திருப்புகிறார், அடுத்தது லாரி, அதற்கடுத்தது அந்தக் கட்டம்.

நீங்கள் படித்து முடித்துவிட்டீர்கள். அவர் இன்னும் முடிக்கவில்லை. முனையில் எட்டு நாற்பது பஸ்ஸின் ஹாரன் கேட்கிறது. அவர் தலை நிமிரவில்லை.