மாணிக்கத் துகள் இருந்த இடம்

ஊசியக்கா இடது புருவத்திலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, தீக்குச்சி நுனியில் பசை தொட்டு ஒட்டினாள். இமை முடி வளைந்துவிடும், தூரிகை முடி முரடு. மாணிக்கத் துகளைத் தூக்கப் புருவ முடிதான் லாயக்கு. இருபத்து மூன்று வருடத்தில் அந்த ஆய்வுக்கூடத்துக்கு அவள் கொடுத்த புருவத்தில் இன்னொரு முகத்துக்கே புருவம் வைக்கலாம் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

துகள் வெறும் கண்ணுக்குத் தெரியாது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி. இரண்டு வைர முனைகளுக்கு இடையில் ஓர் உலோகத் தகடு, தகட்டில் முடி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்குள் துகளை வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது காய்வதற்குள் மூடித் திருக வேண்டும். இதைத்தான் கூடு என்பார்கள். அதற்கு மேல், ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவின் வேலை. வைரங்கள் நெருக்க நெருக்கத் தண்ணீர் பனியாகும். லேசரால் சூடேற்றினால், நெருப்பாய்க் கொதித்தும் உருகாத கறுப்புப் பனியாகும். யுரேனஸ், நெப்டியூன் கிரகங்களின் வயிற்றுக்குள் இருப்பது அதுதான் என்று நினைக்கிறார்கள். அங்கே போய்த் தோண்ட முடியாது. அதனால் அந்த வயிற்றை மேசைமேல் செய்து பார்க்கிறார்கள். எந்த அழுத்தத்தில் பனி கறுத்தது என்று சொல்வது அந்த மாணிக்கத் துகள்தான். நடுவில் இருந்தால் சரியாகச் சொல்லும். ஓரத்துக்கு ஒதுங்கினால் குறைத்துச் சொல்லும்.

பதினேழாவது கூட்டில் துகள் ஓரத்தில் விழுந்தது. ஊசியக்கா கண்ணால் பார்த்தாள். அந்த மாதம்தான் வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. நுண்ணோக்கியின் காமிராவும் பழுதாகிக் கிடந்த வாரம். குறிப்பேட்டில் ‘நடுவில்’ என்று எழுதி மூடிவிட்டாள். அதற்கு முந்தைய கூடுகள் எல்லாவற்றிலும் வைரம் பாதியிலேயே உடைந்து போயிருந்தது. இதுவும் உடையும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். அது மட்டும் உடையவில்லை. உலகத்தில் மற்றவர்கள் சொன்னதைவிட வெகு குறைந்த அழுத்தத்திலேயே பனி கறுத்ததாகக் காட்டியது. டாக்டரம்மா அன்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதைக் கட்டுரையாக எழுதி அனுப்பி, ஆய்விதழ் ஏற்றுக்கொண்டு, அச்சிலும் வந்தாயிற்று. ஏழு மாதம் ஓடிவிட்டது.

“கைய எதுக்கு மடியில ஒளிச்சு வச்சிருக்க? நான் என்ன பிடுங்கிட்டா போகப்போறேன்?” என்று காலையில்தான் கேட்டார் கணவர். முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்ந்தவர்.

“குளிருதுங்க.”

“வேர்த்து ஊத்துது, குளிருதாம். பிரேக் பிடிக்கலன்னா வண்டிய ஓரங்கட்டணும்.”

“என் வண்டில யாரு ஏறியிருக்கா? ஒரு சொட்டுத் தண்ணி.”

“அப்ப ஏன் தூக்கத்துல புலம்புற?”

அவள் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

மதியம் டாக்டரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஆள் இருந்தால் இருவரும் ‘நீங்க’, இல்லாவிட்டால் ‘நீ’. அறையில் வேறு யாரும் இல்லை.

“வியாழக்கிழமை குழு கூடுதுக்கா. நெப்டியூனுக்கும் அதோட பெரிய நிலவுக்கும் போற விண்கலத்துல எந்தக் கருவிய வைக்கிறதுன்னு நாம கண்டுபிடிச்ச எண்ண வச்சுத்தான் முடிவு பண்றாங்க. போய்ச் சேரவே பதினஞ்சு வருஷம் ஆகும். நான் இருப்பனோ என்னவோ.”

“நீ இருப்ப. உப்ப எண்ணி எண்ணிப் போட்டுக்கிறவ.”

டாக்டரம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லாவிட்டால் பிறகு சொல்லவே மாட்டோம் என்று ஊசியக்காவுக்குத் தோன்றியது.

“பதினேழுல துகள் நடுவுல இல்ல.”

“என்னக்கா?”

“ஓரத்துல கெடந்துச்சு. கை ஆடிடுச்சு. நடுவுலன்னு எழுதிட்டேன்.”

வெளியே யாரோ தள்ளுவண்டியில் எரிவாயு உருளைகளை உருட்டிப் போனார்கள். டாக்டரம்மா போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“எவ்ளோ ஓரம்?”

“தகட்டத் தொட்டுக்கிட்டு.”

டாக்டரம்மா மேசைமேல் விரலால் ஏதோ எழுதிக் கணக்குப் போட்டாள். போட்டு முடித்ததும் விரல் அங்கேயே நின்றது. “அப்ப எல்லாரும் சொல்ற அதே எண்தான். நாம ஒண்ணுமே கண்டுபிடிக்கல.” பிறகு, “ஏழு மாசமா வாயில என்ன வச்சிருந்த?”

“இந்த நாற்காலிய.”

“இப்ப மட்டும் எதுக்குத் துப்புற?”

“அவ்ளோ தூரம் போய் அந்தக் கலம் என் பொய்யத் தேடும்ல.”

டாக்டரம்மா ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்த முதுகை ஊசியக்கா இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ரவிக்கையின் தையல் ஒரு பக்கம் விட்டிருந்தது.

“நீ தப்பாப் பாத்திருக்கலாம்,” என்றது முதுகு.

“பாக்கறதுதான் என் வேல.”

“அப்ப இப்பவே ஒண்ணு நிரப்பு. ஒழுங்கா விழுந்தா நாளைக்கே அழுத்திப் பாத்துடலாம். வேற யாருக்கும் இது வராது. யாரையும் நீ கிட்டவே விடல.”

உண்மைதான். ஊசியக்கா புருவ முடி ஒட்டிய குச்சியை எடுத்தாள். காமிராவைச் சரிசெய்து சுவரில் பெரிய திரையோடு இணைத்திருந்தார்கள். தன் கையை அவள் அவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை. முடி புயலில் மாட்டிய மரம்போல ஆடியது. முதல் துகள் எங்கோ தெறித்தது. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது ஓட்டைக்குள் விழுந்தது, ஏறக்குறைய நடுவில்.

அடுத்தது தண்ணீர். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பீச்சுகுழலை இறக்கினாள். சொட்டு விழுந்தது. துகள் அசைந்தது.

திரை அணைந்தது.

டாக்டரம்மா சுவரோரம், திரையின் பொத்தானில் கை வைத்தபடி நின்றிருந்தாள். “நீயே பாத்துச் சொல்லு,” என்றாள். “நான் எழுதிக்கறேன்.” குறிப்பேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

ஊசியக்கா குனிந்து கண்ணை வைத்தாள். சொட்டின் விளிம்பு காய்ந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்த விளிம்போடு சிவப்புப் புள்ளி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது, இன்னும் எந்தப் பக்கம் என்று தெரியாமல்.