கூனி இல்லாத சேறு

அன்று அறையில் இருந்தவர்கள்: ஆய்வுக்கூடத்தை நடத்தும் டொக்டர் ரங்கராஜன், தட்டச்சு செய்யும் கிரிஜா, சேற்றுயிர்களை எண்ணும் குகதாசன். எண்ணெய் கசிந்த சேற்றுப் புட்டிகளில் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொரு புழுக்கள். கூனி ஒன்றும் இல்லை.

வால்தம்ஸ்டோ என்ற ஆங்கிலேயப் பட்டினத்தில், ஒரு கம்பளக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். ஆர்க்டிக் கரையோரம் ஓரிடத்தில் கடலடிப் பாறை வெடிப்பிலிருந்து எண்ணெய் தானாகவே கசிகிறது, யாரும் தோண்டவில்லை. அங்கே அள்ளிய சேறு பன்னிரண்டு புட்டிகளில் வந்தது. எண்ணெய் எட்டாத கரையிலிருந்து இன்னும் பன்னிரண்டு. சேற்றில் கலந்த சாயம், அள்ளியபோது உயிரோடிருந்தவற்றை இளஞ்சிவப்பாக்கிவிடும். குகதாசன் அவற்றை உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் பொறுக்கி, இனம் பிரித்து எண்ண வேண்டும். இரவில் பெற்றோல் ஷெட், பகலில் இது. மூக்கில் எப்போதும் எண்ணெய் நாற்றம். எந்த வேலையிலிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது.

எண்ணெய் எட்டாத சேற்றில் பதினான்கு இனங்கள் இருந்தன. அரிசி அளவில் வளைந்த சிற்றுயிர் ஒன்றுதான் அதிகம். படிவம் அதை ஆம்பிபொட் என்றது. அவனுக்கு அது, ஊர்க் கடலின் குட்டி இறால் போல, கூனி. அங்கத்தைய மீனும் கடற்பறவையும் அதைத் தின்றுதான் பிழைக்கின்றன. கசிவுச் சேற்றிலோ, எண்ணெயில் வளரும் பாக்டீரியாவைத் தின்று பெருகிய ஒரே இனப் புழு, கொத்துக் கொத்தாக; மற்றவை ஒன்றிரண்டு, கூனி ஒன்றுகூட இல்லை. சில நாட்களாக வெறும் தட்டின் ஓரத்தில் ஏதோ சுருண்டு கிடப்பது போலிருக்கும். தம்பி குலசேகரம் அப்படித்தான் சுருண்டு தூங்குவான். இடுக்கியைக் கொண்டுபோனால் இருக்காது.

"மொத்தத்தைப் பாருங்க குகா," என்றார் ரங்கராஜன். "கசிவுகிட்ட மூணு மடங்கு உயிர். எண்ணெயால கெடுதல் இல்லன்னு காட்ட, அங்க தோண்டப் போற கம்பெனிக்கு இது போதும். எதுக்கு இந்தக் கடைசி வரி?"

கடைசி வரியில் பென்சிலால் எழுதியிருந்தான்: ஆம்பிபொட், 0.

"தேடினனான் டொக்டர். இல்லை."

"அதான் சொல்றேன். இல்லாததை எதுக்கு எழுதணும்? அழிச்சுட்டு, மத்ததை மையில எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நம்பர் போட்ட படிவம், வேற கிடையாது."

"பூச்சியம் எண்டால் தேடிப் பாத்து இல்லை எண்டு அர்த்தம். வரியே இல்லையெண்டால் ஒருத்தரும் தேடேல்லை எண்டாகும்."

"படிப்பை முடிக்கலைன்னாலும் பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. கிரிஜா, இவரோட லெட்டரைக் காட்டும்மா."

பாதியில் விட்ட பட்டப்படிப்பை இங்கே தொடர, பல்கலைக்கழகத்துக்கு எழுதிய சிபாரிசுக் கடிதம். ரங்கராஜனின் கையெழுத்து மட்டும் பாக்கி. இன்றுதான் கடைசி நாள்.

இல்லாத ஆளை ஏனடா எழுதுறாய் என்றுதான் அம்மாவும் கேட்டாள். ஊரில் ஆமிக்காரர் துப்பாக்கியோடு வந்து வீட்டுக்கு வீடு ஆட்களின் பட்டியல் கேட்ட கிழமை அது. சைக்கிளில் போன தம்பி திரும்பாமல் பத்து நாள் ஆகியிருந்தது. பெயர் இருந்து ஆள் இல்லையென்றால், ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று வீட்டிலிருக்கும் மற்றவனைப் பிடிப்பார்கள். மற்றவன் குகதாசன். அவன் கையெழுத்துத்தான் வீட்டில் அழகு. நான்கு பேர் இருந்த வீட்டுக்கு மூன்று பெயர் எழுதினான். பிறகு தம்பியைத் தேடிப் போன முகாமிலெல்லாம் அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவன் இல்லையே என்றார்கள்.

குகதாசன் மைப்பேனாவைத் திறந்தான். புழுவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வரியாக எழுதினான். கடைசி வரியில் பூச்சியத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே கையெழுத்திட்டான்.

ரங்கராஜன் படித்தார். கடிதத்தை எடுத்து இரண்டாக மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார்.

"சாவியைக் கிரிஜாகிட்ட குடுத்துட்டுப் போங்க."

கிரிஜா வாசல்வரை வந்தாள். "ஒரு வரிதானே குகா?"

"ஓம் அக்கா. ஒரு வரிதான்."

படியில் இறங்கியவன் திரும்பி, பின்னால் யாரோ வருவது போல் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன, இன்னும் யாராச்சும் வரணுமா?" என்றாள்.

அவன் அவளைத் தாண்டி அறைக்குள், தட்டின் வெறும் ஓரத்தைப் பார்த்தான். அங்கே எதுவும் சுருண்டு கிடக்கவில்லை; கையை எடுத்தான். அவள் கதவைச் சாத்தினாள். உள்ளே சாவி இரண்டு முறை திரும்பியது.