லிஃப்டுக்கு நன்றி கிடையாது

ஏழு மாடி அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிற ஐந்து பெண்களுக்கும் அடித்தளத்தில் ஓர் அறை உண்டு. அறை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துவிட வேண்டாம். துடைப்பம், வாளி, ஃபினாயில் டப்பா எல்லாம் போக மிச்சமிருக்கிற இடத்தில் ஐந்து பேரும் இடித்துக்கொண்டு சீருடை மாற்ற வேண்டும். காலையில் அப்படி மாற்றும்போதே, முந்தின நாள் யாரோ செய்த நல்லது ஒன்றை ஆளுக்கு ஆள் சொல்லியாக வேண்டும் என்பது பெரியக்கா போட்ட சட்டம். சொல்லாதவளுக்கு அன்றைக்கு ஏழாம் மாடிக் கழிப்பறை.

சிடுமூஞ்சிக்கு (அன்பாக வைத்த பெயர்தான்) ஆரம்பத்தில் இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. மாடியில் இருக்கிறவர்கள் இவர்களை ஏறிட்டுக்கூடப் பார்ப்பதில்லை. இதில் நல்லதை எங்கே போய்த் தேட? முதல் நாள், மேனேஜர் தன்னைத் திட்டவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அது நமக்குச் சேர வேண்டியது, அதற்கெல்லாம் நன்றி கிடையாது என்று கழிப்பறைக்கு அனுப்பிவிட்டாள். சம்பளம் தேதிக்கு வந்ததும் அப்படியே தள்ளுபடி ஆயிற்று. மூன்று நாள் தேய்த்த பிறகுதான் கண் திறந்தது. நான்காம் மாடியில் ஒரு பெண் ஈரத் தரையைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். அன்று முதல் தினம் ஒன்று கண்ணில் பட்டது. படுகிறதே என்று சிடுமூஞ்சிக்கு அதிலும் ஓர் எரிச்சல்.

ஒரே ஒரு நல்லதை மட்டும் அவள் வெளியே விடவில்லை. மூன்று மாதமாக அவளுடைய வலது முட்டி மடங்க மறுத்தது. வாளியோடு லிஃப்டில் ஏறக்கூடாது என்று அப்போது தடை. ஊதினால் பறந்துவிடுகிற உடம்பை வைத்துக்கொண்டு, ஐவரில் ஒருத்தியான ஒல்லிதான் இவள் வாளியையும் சேர்த்துத் தூக்கிப் படியேறினாள். ஏன் என்று இவளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முட்டி போன விஷயம் மேலே தெரிந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். அதனால் அந்த நன்றி தொண்டையிலேயே கிடந்தது.

போன வாரம் தடை நீங்கியது. இந்த வாரம் மேனேஜர் ஃபோனும் கையுமாக அடித்தளத்துக்கே இறங்கி வந்தார். காலை நன்றி விஷயம் அவர் காதுக்கு எட்டிவிட்டது. அதைக் கம்பெனி விளம்பரத்துக்குப் படம் பிடிக்கப் போகிறாராம். லிஃப்டுக்கு நன்றி என்று ஆளுக்கு ஒரு வரி சிரித்துக்கொண்டே சொன்னால் போதுமாம். கக்கத்தில் ஐந்து ஒப்பந்தத் தாள்கள், இன்னும் கையெழுத்துப் போடாதவை. முதலில் சிடுமூஞ்சியைத்தான் கூப்பிட்டார்.

இரண்டே சொல். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பக்கத்தில் ஒல்லி நின்றாள், காய்த்துப்போன உள்ளங்கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டு.

"என் முட்டி மூணு மாசமா சரியில்ல சார். என் வாளியையும் இவதான் தூக்கினா. நன்றின்னா இவளுக்குத்தான். லிஃப்ட் எல்லாருக்கும் உள்ளது, அதுக்கு எதுக்கு சார் நன்றி?"

ஃபோன் கீழே இறங்கியது. முட்டி சரியில்லாதவளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டபடி மேனேஜர் தாள்களிலிருந்து ஒன்றை உருவினார். சிடுமூஞ்சிக்கு வீட்டில் படிக்கிற பெண்கள் இரண்டு பேர்.

"எனக்கும் முட்டி வலிதான் சார்," என்றாள் பெரியக்கா நிதானமாக. "ரெண்டு வருஷமாச்சு."

ஒல்லி தனக்குத் தோள்பட்டை என்றாள். இன்னொருத்திக்கு இடுப்பு. ஐந்தாமவள் வேலைக்குச் சேர்ந்தே பதினைந்து நாள்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு, தனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை, ஆனால் சீக்கிரம் வந்துவிடும் என்றாள்.

மேனேஜர் ஐந்து முகங்களையும் பார்த்தார். அநேகமாக அதுதான் முதல் தடவை. ஐந்து பேரையும் நிறுத்திவிட்டால் ஏழு மாடியையும் யார் துடைப்பது என்று அவர் மனசுக்குள் ஓடியது நெற்றியிலேயே தெரிந்தது. கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உருவிய தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மற்ற நான்கிலும் போட்டார். படம் எடுக்காமலே போய்விட்டார்.

அவர் போனதும் சிடுமூஞ்சி ஒல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஒல்லிக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. வேலைக்கு நேரமாச்சு, கையை விடு என்றாள். ஆனால் கையை அவளும் இழுத்துக்கொள்ளவில்லை.