பதினொன்றாவது டிக்

ஊரார் வாயைத் திறக்கவைப்பது பல் டாக்டருக்குத் தொழில். தன் வாயை மூடிவைப்பதுதான் அவருக்கு இன்றுவரை கைவரவில்லை. காட்டுப் பாதையில் பைக் ஓட்டப் போகும் அந்தப் பன்னிரண்டு பேர் கூட்டத்தில் அவர் பாதுகாப்பைப் பற்றி ஆரம்பித்தால், ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்கவேண்டும். அவ்வளவு நீளம்.

கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதைக் கொண்டுவந்தவரும் அவர்தான். பயணத்துக்கு முந்தின நாள் யாரும் தன் வண்டியைத் தானே சோதிக்கக்கூடாது. சீட்டுக் குலுக்கி இன்னொருவர் வண்டியைப் பார்க்கவேண்டும். வண்டிக்காரர் வேண்டுமென்றே அதில் ஒரு குறையை ஒளித்துவைத்து, அது என்னவென்று துண்டுச் சீட்டில் எழுதி மடித்துத் தலைவியிடம் கொடுத்துவிடுவார். சோதிப்பவர் சோதனைத் தாளில் உள்ள பதினேழு அம்சங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்து, ஒளித்த குறையைச் சரிசெய்து, அதையும் எழுதித் தரவேண்டும். மறுநாள் காலை பாதை தொடங்கும் இடத்தில் சீட்டையும் தாளையும் ஒப்பிடுவார்கள். தவறவிட்டவருக்கு அன்றைக்கு பைக் கிடையாது. முதலுதவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் வேனில் வரவேண்டியதுதான்.

போன வருடம் கூட்டத்திலிருந்த டெய்லர் ஒரு பிரேக் திருகைத் தவறவிட்டார். டாக்டர் எல்லார் முன்னாலும், "கண்ணிருந்தும் குருடுன்னு சொல்வாங்களே, அதை இன்னிக்குத்தான் நேர்ல பாக்கறேன்" என்றார். கூட்டம் சிரித்தது. டெய்லரும் சிரித்தார். பாவம், வேறு என்ன செய்வார்?

இந்தத் தடவை சீட்டில் டாக்டருக்கு விழுந்தது தங்கை கணவனின் வண்டி. மாப்பிள்ளைக்கு இதுதான் முதல் பயணம். சனிக்கிழமை மதியம் வண்டியைக் கிளினிக்குக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தான். தாளில் மூன்றாவது, டயர் காற்று. டாக்டர் அளந்து பார்த்தார். பின்சக்கரத்தில் காற்று இருக்கவேண்டியதில் பாதிதான் இருந்தது. இதுதானா உன் சாமர்த்தியம் என்று அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. உடனே போனை எடுத்தார்.

"மாப்பிள்ளை, நீங்க ஒளிச்சதைக் கண்டுபிடிச்சாச்சு. சரியும் பண்ணியாச்சு. எங்கிட்டயேவா?"

"அதுக்குள்ளயா? உங்க கண்ணே கண்ணு மச்சான்!"

காற்றடித்து, தாளில் 'காற்று குறைவு' என்று எழுதினார். கிளினிக்கில் ஒருவர் வீங்கின கன்னத்தோடு காத்திருந்தார். கண்டுபிடிக்க வேண்டியதைத்தான் கண்டுபிடித்தாயிற்றே, இனி என்ன என்று நாலிலிருந்து பதினேழுவரை ஒரே மூச்சில் பதினான்கு டிக் அடித்துவிட்டு எழுந்து போனார். ஸ்பேனரைக் கையால்கூடத் தொடவில்லை.

ஞாயிறு காலை, காட்டுப் பாதையின் வாயில் வண்டிகளை வேன்களிலிருந்து இறக்கி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தலைவியான நர்ஸ் அக்கா ஒரு முனையிலிருந்து சீட்டுகளைப் பிரித்து வாசித்துக்கொண்டு வந்தார். ஒரு வேனின் ஸ்டியரிங்கில் டாக்டரின் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

மாப்பிள்ளை டாக்டரின் காதோரம் குனிந்தான். "அந்தப் பின்சக்கர நட்டை அரைச் சுத்துதான் மச்சான் தளர்த்தினேன். அதைப் போய் அஞ்சு நிமிஷத்துல எப்படிப் புடிச்சீங்க?"

டாக்டருக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தது. திருடனுக்குக் கொட்டின தேள், கத்தவும் முடியாது. அப்படியானால் காற்று? காற்று தானாக இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

நர்ஸ் அக்கா இன்னும் நாலு வண்டி தள்ளி இருந்தார். டாக்டர் ஷூ கயிற்றைக் கட்டுகிறவர்போல பின்சக்கரத்தின் ஓரம் உட்கார்ந்தார். சட்டைக்குள் மறைத்துப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து நட்டில் மாட்டினார். அது வெண்ணெய் மாதிரி சுற்றியது. இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது வேன் கண்ணாடி வழியாகத் தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயதில், கூடப் பிறந்தவள் பார்க்க, திருட்டுப் பூனை மாதிரி ஒரு வேலை. உடம்பெல்லாம் கூசியது.

நர்ஸ் அக்கா வந்து சேர்ந்தார். "சீட்டுல, பின்சக்கர நட்டு. டாக்டர் தாள்ல..." நிறுத்தினார். "காத்து குறைவுன்னு இருக்கே?"

மாப்பிள்ளை டாக்டரின் முகத்தைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் அவனுக்குப் புரிந்துபோயிற்று.

"காத்தையும் நான்தாங்க்கா இறக்கினேன். ரெண்டு குறை வெச்சேன். மச்சான் போன்ல ரெண்டையும் சொன்னாரு. எழுதறப்ப ஒண்ணை விட்டுட்டாரு போல."

நர்ஸ் அக்கா பக்கத்திலிருந்தவரிடம் ஒரு ஸ்பேனரை வாங்கி நட்டில் வைத்து ஓங்கி அழுத்தினார். அசையவில்லை. "இறுக்கமாத்தான் இருக்கு. சரி, அடுத்தது."

"டாக்டர் கண்ணுக்குத் தப்புமா?" என்றார் டெய்லர். அதில் நக்கல் இல்லை. மனிதர் மெய்யாகவே சொன்னார். நக்கலாகச் சொல்லியிருந்தால் டாக்டருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

ஆக, தப்பித்தாயிற்று. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மாப்பிள்ளை அவர் பக்கம் திரும்பாமலே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினான். நர்ஸ் அக்கா தாளை மடித்தார். அந்தத் தாளின் பதினான்கு டிக்கும் டாக்டரின் கண்முன் வந்து நின்றன. நட்டு பதினொன்றாவது. நாலாவது, முன் பிரேக். ஏழாவது, செயின். பதினாலாவது, ஹேண்டில்பார். எதையுமே அவர் பார்க்கவில்லை. இறங்கப்போகும் சரிவோ ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழுந்தது. அவர் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொன்னவன்தான் அதில் முதலில் இறங்கப்போகிறான்.

"அக்கா, நில்லுங்க." டாக்டர் ஓரடி முன்னால் வந்தார். "மாப்பிள்ளை எனக்காகப் பொய் சொல்றாரு. நட்டை நான் நேத்துப் பாக்கல. இப்பதான், யாருக்கும் தெரியாம இறுக்கினேன். மூணுக்கு மேல எதையுமே பாக்கல. சும்மா டிக் அடிச்சேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்துத் தொலைக்கமாட்டார்களா என்று அவருக்கு இருந்தது. போன வருடம் அவர் சொன்னதை இன்று அவருக்கே திருப்பிச் சொல்ல டெய்லருக்கு எல்லா உரிமையும் இருந்தது. டெய்லர் தலையைக் குனிந்து கையுறையின் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை. வண்டியைக் குடுங்க, இப்ப பதினேழையும் பாத்துடறேன்" என்று டாக்டர் கையை நீட்டினார்.

மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்கினான். நர்ஸ் அக்காவிடமிருந்து ஸ்பேனரை வாங்கினான். நீட்டியிருந்த கையைத் தாண்டிப் போய், "அண்ணே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று டெய்லரிடம் கொடுத்தான். மரியாதையாகத்தான் கொடுத்தான். டாக்டர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜீன்ஸில் துடைத்துக்கொண்டார்.

டெய்லர் மண்ணில் மண்டியிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் எல்லோரும் வெயிலில் காத்திருந்தார்கள். முன் பிரேக்கின் கேபிள் தேய்ந்து, இரண்டே இழையில் நின்றிருந்தது. அது யாரும் ஒளித்துவைத்த குறை இல்லை. டெய்லர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லாமல், நர்ஸ் அக்காவிடம் மட்டும் காட்டிவிட்டு மாற்றினார். டாக்டர் பக்கத்தில்தான் நின்றிருந்தார், பார்த்தார்.

பிறகு தன் பைக்கின் சாவியை நர்ஸ் அக்காவிடம் கொடுத்துவிட்டு வேனில் ஏறி, முதலுதவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். பதினொரு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவில் இறங்கின. தங்கை அவர் பக்கம் திரும்பாமல் வேனைக் கிளப்பினாள்.

"அண்ணே, பெல்ட் போட்டுக்கோ."

"போட்டுட்டேம்மா" என்றார் டாக்டர்.

போட்டுத்தான் இருந்தார். ஆனாலும் தங்கை ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, அவர் பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்தினாள்.