இடுப்பு வளைவில் ஓர் இடுக்கு

மெற்றில்டாவின் குரல் அவளைவிட்டுக் கிளம்பி, ரெமிஜியுஸ் செய்துகொண்டிருந்த கிடாரின் ஓரப்பட்டை இடுக்கில் குடியேறியது ஒரு செவ்வாய்க்கிழமை.

தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ரெமிஜியுஸின் பட்டறை. நாற்பத்து மூன்று வயது, தனியாள். அன்று காலை கிடாரைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்த சைக்கிள் ட்யூப் நாடாக்களை அவிழ்த்தான். மேல்பலகையும் பக்கப்பலகையும் சேரும் விளிம்பில் ஈட்டி மரத்தின் மெல்லிய பட்டை ஒன்றை வளைத்து முந்தின நாள்தான் ஒட்டியிருந்தான். நாலு இடத்தில் பட்டை பிடிக்கவில்லை. மூன்று இடுக்குகள் மயிரிழைதான். நாலாவது, இடுப்பு வளைவில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையின் ஓரம் நுழைகிற மாதிரி விலகியிருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"யாரு?" என்றான்.

"மெற்றில்டாவோட குரல். ஐஸ் கம்பெனி ஆபீஸ்ல போன் எடுப்பாங்களே, அவங்களோடது. கொஞ்ச நாள் இங்க இருந்துக்கிடுதேன்."

"ஞாயித்துக்கிழமை பூசைக்கு இந்தக் கிடார் வேணும். அதுக்குள்ள இடுக்கை அடைக்கணும்."

"இன்னைக்குச் செவ்வாய்தானே?"

அதுவும் சரிதான். ரெமிஜியுஸ் மற்ற மூன்று இடுக்குகளை முதலில் எடுத்துக்கொண்டான். மிச்சமிருந்த பட்டைத் துண்டைப் பிளேடால் சுரண்டினான். அதே மரத்தின் தூளாக இருந்தால்தான் நிறம் சேரும். தூளை இடுக்கில் பல்குச்சியால் அழுத்தித் திணித்து, மேலே பசையைச் சொட்டுவிட்டு, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தான். இடுக்கு இருந்த இடம் தெரியவில்லை.

"கை நல்லா ஓடுது உங்களுக்கு" என்றது குரல்.

இதைப் போல யாரும் அவனிடம் சொன்னதில்லை. கிடார் வாங்குகிறவர்கள் கிடாரைத்தான் புகழ்வார்கள். கையைக் கவனித்ததில்லை. அவன் உப்புத்தாளைத் தட்டினான்.

குரல் கொஞ்சம் தாழ்ந்த குரல். சொல்லின் கடைசியில் லேசாகக் கரகரக்கும். சாப்பிட்டீங்களா என்று கேட்டது. என்ன குழம்பு என்று கேட்டது. மீனே இல்லாமல் புளிக்குழம்பு என்றதும் சிரித்தது. புதன்கிழமை காலை பட்டறையைத் திறக்கும்போது அவன் தலைவாரியிருந்தான்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒருத்தர் பொருள் நம்மிடம் இருந்தால் தகவல் சொல்ல வேண்டாமா? வியாழக்கிழமை மத்தியானம் ஐஸ் கம்பெனிக்குப் போனான்.

மெற்றில்டா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். மணி அடித்துக்கொண்டிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க குரல் என் பட்டறையில இருக்கு" என்றான்.

அவள் தலையாட்டிவிட்டு, கிழித்துப்போட்ட ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள்: 'தொந்தரவு குடுக்குதா?'

"சேச்சே. நல்லாப் பேசுது."

பள்ளிக்கூடத்தில் தன் பிள்ளையைப் புகழக் கேட்ட தாயைப் போல அவள் முகம் மலர்ந்தது. பிறகு எழுதினாள்: 'திங்கட்கிழமை வரைக்கும் பாப்பாங்களாம். வரலைன்னா போன் எடுக்க வேற ஆள்.'

அன்று சாயங்காலமே பட்டறைக்கு வந்தாள். கிடாரின் இடுப்பருகே குனிந்து, வாயைத் திறந்து, பொறுமையாகக் காத்திருந்தாள். இடுக்கில் ஒரு சத்தமும் இல்லை. அரை மணி நேரம் அப்படியே நின்றாள். ரெமிஜியுஸ் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். போகும்போது அவள் எழுதி வைத்துவிட்டுப் போனாள்: 'சாப்பிட ஏதாவது கேட்டா குடுங்க.'

அவள் தெருமுனை தாண்டியதும் குரல் பேசியது. "போயிட்டாங்களா?"

"ஏன் இப்படிப் பண்ணுதீங்க? பாவம், வாயைத் திறந்துக்கிட்டு அவ்வளவு நேரம் நின்னாங்க."

குரல் சொன்னது:

"அங்க எனக்கு ஒரே வேலைதான். 'பரவாயில்ல'ன்னு சொல்லணும். ஞாயித்துக்கிழமையும் ஆபீசுக்கு வரச் சொன்னாங்க. பரவாயில்ல. பேசி முடிச்ச கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டுல வேண்டாம்னாங்க. பரவாயில்ல. திங்கக்கிழமை அவங்க அண்ணன், 'என் மாமியார் வாராங்க, உன் அறையைக் குடு, மாடிப்படிக்கு அடியில கட்டில் போட்டுக்கோ'ன்னாரு. அதுக்கும் சொல்லச் சொன்னாங்க. என்னால முடியல. கிளம்பிட்டேன்."

ரெமிஜியுஸ் இடுக்கின் மேல் தூசி விழாமல் ஒரு சுத்தமான துணியைப் போர்த்தினான்.

வெள்ளிக்கிழமை, கிடாருக்குச் சொல்லி வைத்திருந்த பொனிப்பாஸ் சார் வந்தார். கோயில் பாடற்குழுவை நடத்துகிறவர். அவர் கிடாரைக் கையில் எடுத்த நேரம் பார்த்துக் குரல் உள்ளே ஏதோ முனகிக்கொண்டிருந்தது. கிடாரின் பலகை முழுக்க அது பரவி, அறைக்குள் இதமாக நிறைந்தது. சார் கண்ணை மூடிக் கேட்டார்.

"ரெமி, இதை இப்படியே உள்ள வச்சு அடைச்சிரு. இந்தச் சத்தம் எந்தக் கிடார்ல வரும்?"

ரெமிஜியுஸுக்கும் அது தெரியும். இருபது வருஷமாக அவன் செய்த கிடார்களில் எதுவும் இப்படிப் பேசியதில்லை. குரலும் மறுக்கவில்லை, முனகலை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டது.

"இல்ல சார். இதுக்கு ஆள் இருக்காங்க" என்றான். குரல் போய்விட்டால் நாளைக்குப் பட்டறையில் உளிச் சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

சனிக்கிழமைக்கு மேல் தள்ள முடியாது. மத்தியானம் மெற்றில்டா வந்தாள். ரெமிஜியுஸ் அவளிடம் வேலையை விளக்கினான். பெரிய இடுக்கு என்பதால் தூள் மட்டும் போதாது. ஈரத்துணி வைத்துச் சூடு கொடுத்தால் பழைய பசை இளகும். இளகின கையோடு புதுப் பசை விட்டு, பட்டையை அழுத்திக் கட்டிவிட வேண்டும். ஆறவிட்டால் மறுபடி முதலிலிருந்து. "அதுக்குள்ள அது வெளிய வந்துடணும்" என்றான். அவள் தலையாட்டினாள்.

ஈரத்துணியை வைத்து, சூடான இரும்பை மேலே ஒற்றினான். ஆவி எழுந்தது.

"ஆகா, தொண்டைக்கு இதமா இருக்கு" என்றது குரல். "ஆனா நான் வரல."

அந்த நேரம் பார்த்து மெற்றில்டாவின் அண்ணன் சேவியர் வாசலில் வந்து நின்றார்.

"மெற்றி, இங்கயா இருக்க? மாமியார் நாளைக்கு வர்றதா இருந்தாங்க, இன்னைக்கே வந்து இறங்கிட்டாங்க. வா, உன் சாமானை எடுத்துப் போடணும்."

மெற்றில்டா பென்சிலை எடுத்தாள். காலண்டர் தாளில் 'ப' என்று எழுதிவிட்டு நிறுத்தினாள். ஆவியில் தாள் நனைந்து சுருண்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெமிஜியுஸ் ஒரு கையில் இரும்பும் ஒரு கையில் ட்யூப் நாடாவுமாக நின்றான். பசை ஆறிக்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்லக்கூடாது என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் இல்லை என்றாலும் என்ன சொன்னாள் என்பது தெளிவாகத் தெரிந்தது: முடியாது.

"இப்ப என்ன சொன்னாங்க?" என்று இடுக்கிலிருந்து குரல் கேட்டது.

"முடியாதுன்னாங்க" என்றான் ரெமிஜியுஸ்.

"அப்படியா? அதை நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே."

துணி லேசாக மேலெழும்பித் தாழ்ந்தது. மெற்றில்டா ஒரு மிடறு விழுங்கினாள். கழுத்தை ஒரு தரம் தடவிவிட்டுக்கொண்டாள்.

"முடியாது அண்ணே" என்றாள். கடைசியில் லேசாகக் கரகரத்தது. "அது என் அறை. நான் அங்கதான் இருப்பேன்."

சேவியர் யோசித்தார். "சரி. அப்ப மாமியாருக்கு ஹால்ல கட்டில் போடுதேன்" என்று சொல்லி, வாசலில் கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ரெமிஜியுஸ் சட்டென்று பசையை ஊற்றினான். பட்டை இளகி வளைவோடு படிந்தது. "இந்த முனையைப் பிடிங்க" என்றதும் அவள் ட்யூபின் நுனியை இழுத்துப் பிடித்தாள். அவன் கிடாரின் இடுப்பைச் சுற்றி நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டான். இரண்டு பேருக்கும் விரலெல்லாம் பசை.

காய்வதற்கு மூன்று மணி நேரமாகும். அதற்குள் அவள் நாலு நாளாகச் சொல்லாததையெல்லாம் சொன்னாள். அவன் வீட்டுப் புளிக்குழம்பைப் பற்றியும் கேட்டாள். அவன் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னான். குரல் மட்டுமாக இருந்தபோது எளிதாக வந்த பேச்சு, முகத்தைப் பார்த்துப் பேசும்போது வரவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை.

நாடாவை அவிழ்த்ததும் ஊசி நுழைகிற அளவு ஒரு கோடு மட்டும் மிச்சமிருந்தது. அதில் ஈட்டித் தூளை அவளே திணித்தாள். அவன் பசை சொட்டினான். காய்ந்ததும் தேய்த்துவிட்டு விரலை ஓட்டிப் பார்த்தான். எங்கும் தட்டவில்லை. தந்திகளைக் கட்டி மீட்டிப் பார்த்தான். நல்ல கிடாருக்குரிய சத்தம், அவ்வளவுதான்.

"போதுமா?" என்றாள்.

"போதும்" என்றான். உண்மையாகவே போதும் என்றுதான் இருந்தது.

பட்டறையைப் பூட்டிவிட்டு இருவரும் டீ குடிக்கச் சாலையின் எதிர்ச் சாரிக்குப் போனார்கள். டீக்கடை ஆத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. கடை இருந்த இடத்தில் ஒரு பெஞ்சும், சதுரமாக வெளுத்த மண்ணும் இருந்தன. பெஞ்சில் முன்பே காத்திருந்தவர், "தாலி கட்டியாச்சாம், சாப்பிட்டுட்டுக் கிளம்பிரும்" என்று நகர்ந்து இடம்விட்டார். மெற்றில்டா முதலில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த மணலைத் தட்டிவிட்டாள். ரெமிஜியுஸ் அங்கே உட்கார்ந்தான்.